பதினேழாவது பேச்சாளர்

எனக்குக் கொடுத்திருந்த எண் பதினெட்டு. பதினேழு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரிசியா. ப்ளூர் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஸெனோனின் மனைவி.

ஸெனோனை டொராண்டோவில் பாதிப் பேருக்குத் தெரியும். இறந்த பிறகு வந்த புகழ். சைக்கிள் பாதைகளை எடுக்கச் சொல்கிறவர்கள் தூக்கிப் பிடிக்கும் அட்டைகளில் எல்லாம் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். கீழே, ஆம்புலன்ஸ் வர வழியில்லாமல் இறந்தவர் என்று எழுதியிருக்கும்.

அந்த ஆம்புலன்ஸை ஓட்டியவன் நான்.

அன்று தெரு முழுக்கக் கார்கள். சைக்கிள் பாதை மட்டும் காலி. அதற்குள் வண்டியை ஏற்றி, ஓரத்துப் பிளாஸ்டிக் கம்பங்களைச் சாய்த்துக்கொண்டு போனேன். அழைப்பு வந்ததிலிருந்து நான்கே நிமிடம். கடைக்கு மேலே அவர்கள் குடியிருந்த மாடிக்கு ஏறியபோது எங்களால் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை.

இரண்டு வருடமாக இதை வெளியில் சொல்ல முடியவில்லை. நோயாளி வீட்டில் பார்த்ததைப் பேசினால் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். நல்ல விதிதான். ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் அந்த அட்டையைப் பார்க்கிறவனுக்கு வயிறு எரியும்.

இப்போது மாகாண அரசு மசோதாவே கொண்டுவந்துவிட்டது. இருக்கிற பாதைகளைப் பெயர்ப்பார்களாம். புதிதாக ஒன்று போட நகரம் இவர்களிடம் கைகட்டி நிற்க வேண்டுமாம். மக்கள் வந்து சட்டமன்றக் குழுவிடம் கருத்துச் சொல்ல இன்று ஒரே ஒரு நாள், ஆளுக்கு மூன்று நிமிடம்.

எங்கள் பக்கம் நாற்பது பேர், மடியில் தலைக்கவசத்தோடு. புள்ளிவிவரம் இருந்தது, மருத்துவர்களின் கடிதம் இருந்தது, பள்ளிப் பிள்ளைகளின் மனுகூட இருந்தது. ஸெனோனின் சிரிப்புக்கு முன்னால் ஒன்றும் எடுபடவில்லை. இறந்தவரோடு யார் வாதாடுவது?

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

காலையில் என் மனைவி மார்சியாவிடம் சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படியானால் நாளையிலிருந்து சமையல் உன் பொறுப்பு என்றாள். சட்டைக் காலரையும் அவளே சரிசெய்துவிட்டாள்.

ஒன்றுதான் உறுத்தியது. நான்கு நிமிடம் என்று சொன்னால், பிறகு ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பார்கள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. அதை இந்த அம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

அவர் என்னை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. சீருடை இல்லாமல் எங்களை யாருக்கும் தெரிவதில்லை. பையைத் துழாவி ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாயில் போட மனம் வரவில்லை.

முன் வரிசையிலிருந்து மைரன் திரும்பி அவருக்குக் கட்டைவிரலை உயர்த்தினார். மருந்துக்கடை மைரன்தான் அந்த அட்டைக்காரர்களுக்குத் தலைவர். ஒரிசியாவைக் காரில் கூட்டிவந்ததும் மைரன்தான், பேச வேண்டியதைத் தட்டச்சு செய்து கொடுத்ததும் மைரன்தான்.

பதினேழைக் கூப்பிட்டார்கள்.

ஒரிசியா மைக்கின் முன்னால் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

"ஆம்புலன்ஸ் சீக்கிரமாத்தான் வந்துச்சு. அந்த சைக்கிள் பாதையிலதான் வந்துச்சு, ஜன்னல்ல நின்னு பாத்தேன். நான்தான் லேட்டாக் கூப்பிட்டேன்."

மைரன் எழுந்து ஏதோ சொல்லப் போனார். சட்டமன்றக் குழுவின் தலைவர் கையைக் காட்டி உட்காரவைத்தார்.

அன்று மதியம் இருவருக்கும் சண்டை என்றார் ஒரிசியா. பாதை வந்ததால் வியாபாரம் படுத்துவிட்டது என்று கணவர் கத்தியிருக்கிறார். படுத்தது பாதையால் அல்ல, உங்கள் வாயால் என்று இவர் சொல்லியிருக்கிறார். உடனே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்.

தோற்கிற சண்டையில் எல்லாம் அவர் நெஞ்சைப் பிடிப்பது வழக்கம். நாடகம் என்று நினைத்து இவர் சமையலறைக்குப் போய்விட்டார். இரவு வரேனிகிக் கொழுக்கட்டைக்குள் வைக்க உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தார். ஒரு பானை நிறைய உரித்து முடிக்கும்வரை எட்டிப் பார்க்கவில்லை.

சாவு வீட்டில் யாரோ ஆம்புலன்ஸைத் திட்டினார்கள். அது காதுக்கு இதமாக இருந்தது, அதனால் மறுத்துப் பேசவில்லை என்றார். பாதையைப் பெயர்க்காதீர்கள் என்றும், கணவரின் படத்தை அட்டைகளிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். மூன்று நிமிடத்தில் இன்னும் நாற்பது விநாடி பாக்கி இருந்தது.

அன்று மாடியிலும் அவர் என்னிடம் இதையேதான் சொன்னார். இதை வெளியில் சொன்னால் என் வேலை போய்விடும், பயப்படாதீர்கள் என்று நான் சொல்லியிருந்தேன். இரண்டு வருடமாக நான் சுமந்துகொண்டிருந்தது இதைத்தான்.

அடுத்து என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். நாற்காலிக்குத் திரும்பி வந்த ஒரிசியா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"நீ தெருவப் பத்தி மட்டும் பேசு தம்பி, வேலைய விட்டுடாத. அன்னைக்கு என் கையிலேருந்து உருளைக்கிழங்குக் கத்திய மெதுவா வாங்கி வச்சது நீதானே."