நிக்கோலாசாவின் முட்டை

நிக்கோலாசாவின் கையில் ஒரே ஒரு முட்டை இருந்தது. கூடத்திலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

போன வருடம் இதே முட்டைக்காக அடித்துக்கொண்டவர்கள்தான்.

தவக்காலத்துக்கு முன்னால் எங்கள் சான் இஸித்ரோ ஊரில் நடக்கும் நடனம் அது. முட்டையில் துளைபோட்டு உள்ளிருப்பதை ஊதி எடுத்துவிட்டு, வெறும் ஓட்டில் வண்ணக் காகிதத் துணுக்குகளை நிரப்பி மெழுகால் அடைத்திருப்பார்கள். ஒரு பெண் யார் தலையில் உடைக்கிறாளோ, அவன் அவளோடு ஆடியே தீரவேண்டும். உடைக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போனால், அவளை விரும்புகிறவனுக்கு 'வேண்டாம்' என்று பதில். பிறகு அவன் அந்தத் தெருப்பக்கமே வரக்கூடாது.

இந்த வருடம் ஷெரீப் ஹாம்ளின் அதில் ஒரு சட்டம் சேர்த்திருந்தார். நிக்கோலாசா யார் தலையில் உடைக்கிறாளோ, அவன்தான் வல்லூறு. அவனுக்குத் தூக்கு.

எங்கள் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கம்பெனிக்காரர்கள் போட்ட முள்கம்பியை அறுத்தவன் வல்லூறு. அவர்களுடைய குதிரைகளையும் மலைக்கு ஓட்டிவிட்டவன். நிக்கோலாசாவுக்கு அவன்மேல் பிரியம் என்பது ஊர்க் கழுதைகளுக்குக்கூடத் தெரியும். கம்பெனிக்காக அவனைத் தேடும் ஷெரீப்புக்கு அவன் முகம்தான் தெரியாது.

அதற்குத்தான் பாட்டு இருந்தது. ஊர்ப் பாட்டுக்காரர் திரான்சித்தோ பிடில் வாசித்து வல்லூறைப் பற்றிப் பாடுகிற பாட்டு. ஷெரீப் அதை ஒரு வரி விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லி அப்படியே சுவரொட்டியாக அடித்துவிட்டார். ஆறடி உயரம், பச்சைக் கண், கன்னத்தில் வெட்டுத்தழும்பு. ஒட்டிய மறுநாளே எல்லாம் காணாமல் போயின. பெண்கள் கிழித்துக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு மேலே மாட்டிக்கொண்டார்கள். பாதிரியார் வீட்டுச் சமையல்காரி இரண்டு வைத்திருந்தாள்.

துப்பாக்கி நடனக்கூடத்துக்குள் வரக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஷெரீப் முறைத்தார். வந்தால் பிடிலைத் தொடமாட்டேன் என்றார் திரான்சித்தோ. பிடில் இல்லாவிட்டால் நடனம் இல்லை, நடனம் இல்லாவிட்டால் முட்டை இல்லை, முட்டை இல்லாவிட்டால் வல்லூறு இல்லை. ஷெரீப் இதை ஒவ்வொரு படியாக யோசித்து முடித்துவிட்டு, வாசலில் நின்று இடுப்புவாரை அவிழ்த்தார். அவருடைய ஆட்களும் அவிழ்த்தார்கள்.

வாசலில் ஒரு கம்பளிச் சாக்கோடு உட்கார்ந்து துப்பாக்கிகளை வாங்கி வைக்கும் வேலையை ஊரார் எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஷெரீப் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்க்க அதிகமில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது.

"நீ ஜென்மத்துல ஒரு ஈயாவது அடிச்சிருக்கியாடா?"

"ஈ ரொம்ப வேகமாப் பறக்குதுங்க ஐயா."

சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

நிக்கோலாசா நடந்தாள். அவள் வருகிற பக்கமெல்லாம் கூட்டம் விலகியது. ஒற்றை ஆளாய்க் கரடியோடு மல்லுக்கட்டியதாகச் சொல்லித் திரிந்தவர்கள் தொப்பியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அவளுடைய அப்பா தோன் அன்செல்மோ சிலுவை போட்டபடி, வீட்டுக்குப் போகலாம் வா மகளே என்று கெஞ்சினார். ஷெரீப்பும் அதையே வேறு விதமாகச் சொன்னார். முட்டையை உடைக்காமல் வைத்துவிட்டால் இன்றைக்கு யாரும் சாக வேண்டியதில்லை, வல்லூறும் பிறகு இந்தப் பக்கமே வரக்கூடாது.

அவள் நின்றாள்.

"எம் முட்டைய எங்க உடைக்கணும்னு கம்பெனிகிட்டக் கேட்டுட்டுத்தான் உடைக்கணுமா?"

கேட்ட கையோடு, ஷெரீப்பின் வழுக்கையில் அதை ஒரு தட்டுத் தட்டி உடைத்தாள்.

சிவப்புத் துணுக்குகள் அவர் மீசைவரைக்கும் இறங்கின.

தோன் அன்செல்மோ சிலுவை போடுவதைப் பாதியில் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"உங்க சட்டந்தானுங்களே, ஷெரீப் ஐயா. கயிறு கொண்டாந்திருக்கீங்களா, இல்ல நாங்க குடுக்கட்டுங்களா?"

கூரை அதிரும்படி சிரித்தார்கள். ஷெரீப்பின் ஆட்கள் ஓரடி எடுத்து வைப்பதற்குள் மற்ற பெண்களின் முட்டைகள் அவர்கள் தலைகளில் உடைந்தன. பாதிரியார் வீட்டுச் சமையல்காரி தன் பங்குக்கு ஒருவனை மூலைவரை துரத்திப்போய் உடைத்தாள். வழக்கம் வழக்கம்தான். திரான்சித்தோ பிடில் வில்லை எடுத்தார், எல்லோரும் ஆடினார்கள்.

உண்மையைச் சொன்னால், ஷெரீப் நன்றாகவே ஆடினார்.

வாசலுக்கு அருகே வந்தபோது நிக்கோலாசா அவரைச் சுழற்றினாள். அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. இவ்வளவு நேரம் மூடியிருந்த அவளுடைய கை அப்போது என் தலைக்குமேல் திறந்தது.

முட்டையின் மறு பாதி அதில் இருந்தது.

துணுக்குகள் என் நெற்றியில் விழுந்தன. அவள் நிற்காமல் ஆடிக்கொண்டே போய்விட்டாள். நான் எழுந்து, ஊரிலிருந்த அத்தனை துப்பாக்கிகளையும் முதுகில் தூக்கிக்கொண்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரான்சித்தோ மட்டும் ஆறடி உயரம் என்கிற வரியை உரக்கப் பாடினார். ஷெரீப் ஊருக்குள் வரும்போதெல்லாம், ஊர் அந்தப் பாட்டில் என்னை இன்னும் கொஞ்சம் உயரமாக்கிக்கொண்டே வந்திருந்தது.

ஆட்டம் முடிந்ததும், களைத்துப்போயிருப்பீர்கள், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று ஷெரீப்பிடம் பணிவாகச் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

இப்போது பாட்டில் ஒரு சரணம் கூடியிருக்கிறது. சீறும் தோட்டாக்களுக்கு நடுவே வல்லூறு தன் காதலியை அள்ளியெடுத்து வெள்ளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு பறந்தானாம்.

தோட்டாக்கள் எல்லாம் சாக்குக்குள் இருந்தன. குதிரை இல்லை, கோவேறு கழுதை. கடிவாளம் அவள் கையில். ஆறடிக்காரன் அவளுக்குப் பின்னால் ஏறி உட்காருவதற்கு ஒரு கல் தேவைப்பட்டது.

அதையும் அவள்தான் உருட்டிக்கொண்டு வந்தாள்.