மஞ்சள் போட்ட இறால்

ஐஸ் பெட்டியில் சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்கு வந்து இறங்கும் தூத்துக்குடி இறாலைக் காசு கொடுத்து வாங்கி, மறுபடியும் கடலுக்கே கொண்டுபோய்ப் போடுகிற மகா புத்திசாலி ஊருக்குள் ஒருத்தர்தான். யூசுப் பாய்.

கத்தாரில் கம்பெனியை மூடிவிட்டு ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பாய் கையோடு கொண்டுவந்தது ஒரு தூண்டில் ராடு. கரையில் நின்றே அலைக்கு அந்தப் பக்கம் வீசலாம். சனிக்கிழமையானால் ஆம்னி வேனில் மணப்பாட்டுக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். வேலை போன மனுசனை நாலு பேர் நின்று பார்ப்பதே அந்த ராடுக்காகத்தான். அது அவருக்கும் தெரியும்.

அதிலும் மண் விழுந்தது. ஒரு கல்யாண வீட்டில், கடையநல்லூர் மச்சினன் மைதீன் பாட்சா எல்லார் காதிலும் விழும்படி சொன்னான், மச்சானோட ராடு முருங்கைக்காய் பறிக்கத் தோதா இருக்கும் என்று. பந்தியே சிரித்தது. பாய் பிரியாணியை ஓரமாகத் தள்ளினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பிடித்த மீன் உன் தட்டில் இருக்கும், இல்லையென்றால் ராடை நீயே கொண்டுபோய் முருங்கைக்காய் பறித்துக்கொள் என்று வாயை விட்டுவிட்டார்.

வாயை விட்டாரே தவிர, மணப்பாட்டில் அதுவரை அவருக்கு ஒரு பொடி மீன்கூடச் சிக்கியதில்லை. எப்படிச் சிக்கும்? பெரிய இறாலாகப் பொறுக்கி, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, கல்உப்பும் மஞ்சளும் போட்டு வாடை போக அலசி, டப்பாவில் அடுக்கிக் கொண்டுபோவார். நாறின சாமானை மீன் தின்னுமா என்று நம்மையே கேட்பார். அதைத் தூண்டில் முள்ளில் கோத்து, ரப்பர் நூலைச் சுற்றி, மாப்பிள்ளை அலங்காரம் மாதிரி முன்னும் பின்னும் அழகு பார்ப்பார். தாளித்துக் கொட்டாததுதான் பாக்கி.

கூடப் போகிறவர் பவுல்பாண்டியன், கணக்கு வாத்தியார். அவர் முள்ளில் கட்டுவது நாள்பட்ட சாளை மீன் துண்டு. நாற்றம் குடலைப் புரட்டும். ஆனாலும் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பமாட்டார். அதற்குக் குருட்டு அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்திருந்தார் பாய். மீன் வாடைக்குத்தான் வரும், மஞ்சள் வேண்டாமே என்று வாத்தியார் ஒருதரம் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"வே, நான் கத்தார் கடல்ல தூண்டி போட்டவன். உம்ம பாடத்தைப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்கிடும்."

அந்தச் சனிக்கிழமை கடலும் மந்தம். வாத்தியாருக்கே ஒன்றும் விழவில்லை. அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. பாய் முகத்தில் ஈயாடவில்லை. இருந்ததில் நல்ல இறாலை முள்ளில் கட்டி வைத்துவிட்டுத் தொழக் கிளம்பினார்.

"நான் கட்டினதை அப்படியே வீசி, ராடை மணல்ல ஊணி வையும். உம்ம கைவேலை ஒண்ணும் வேண்டாம்."

மணலில் துண்டை விரித்துத் தொழுது, ராடு மச்சினன் கைக்குப் போய்விடக் கூடாதே என்று கண் கலங்கக் கேட்டார். எழுந்து திரும்பினால் ராடு வளைந்து துடிக்கிறது. இழுத்துப் போட்டால் கைநீளப் பாறை மீன். முள்ளைத் தொண்டைக்குள் முழுங்கியிருந்தது. தூண்டில் நரம்பை மட்டும் அறுத்து மீனை அப்படியே ஐஸ் பெட்டியில் போட்டார். வாத்தியார் தன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இரை தீர்ந்துவிட்டதாம்.

ஊர் வந்து சேரும்வரை வேனுக்குள் மஞ்சளின் மகிமைதான் ஓடியது.

ஞாயிறு மதியம் மச்சினன் வந்தான். சர்ச் முடிந்து வாத்தியாரும் வந்தார். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. சில பேர் படித்து என்ன பிரயோஜனம், நாறின சாளையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், நேற்று யார் கெட்டிக்காரன் என்று கடலே சொல்லிவிட்டது என்று வாத்தியாரை வைத்துக்கொண்டே வெளுத்துக்கட்டினார். வாத்தியார் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். மச்சினன் தட்டைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அடுப்படி வாசலில் இருந்து மனைவி ஹஸ்னா பானு கூப்பிட்டாள். போனால், மீனின் நடுத்துண்டைக் கிண்ணத்தில் வைத்து நீட்டி, வாத்தியாருக்கு வைக்கச் சொன்னாள்.

"ஒண்ணும் புடிக்காத ஆளுக்கு எதுக்கு நடுத்துண்டு?"

ஹஸ்னா பானு குரலைத் தாழ்த்தினாள்.

"மீனை அறுத்தவ நான். தொண்டையில உங்க முள்ளு இருந்துச்சு. அதுல சுத்தியிருந்தது எறால் இல்ல, சாளை. எங்க அண்ணன் காதுல விழாம நான் பாத்துக்கிடுதேன், வாத்தியாருக்கு மட்டும் உங்க கையால வையுங்க."