சொந்த மகரந்தம்

“உங்களுக்கு மூளை இருக்கா, இல்ல அதையும் செடிக்கு உரமாப் போட்டுட்டீங்களா?”

வீட்டுக்குள் அருள்மொழி கத்தியதில் சிதம்பரம் மேல வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சபாபதி தாவரவியல் பேராசிரியர். பூச்செடிகளின் பரிணாமத்தை ஆராய்கிறவர். மனைவி அருள்மொழியின் ஆராய்ச்சி, பிறவியிலேயே வரும் அபூர்வ நோய்கள்.

“இளவரசு தங்கமான பையன். உன் தம்பிதானே? நம்ம பொண்ணு இலக்கியாவும் ஆசப்படுறா. கட்டி வெச்சிடலாம் அருளு” என்றார் மறுபடியும்.

“என் தம்பிங்கறதாலதான் வேணாங்கறேன்! போன வாரம் சேத்தியாத்தோப்புலேர்ந்து ஒரு கொழந்தையத் தூக்கிட்டு வந்தாங்க. தொட்டா தோலு உரியுது. அப்பன் யாருன்னா, அதோட அம்மாவுக்குத் தாய்மாமன். என் பேரப்புள்ளையும் அப்படிக் கதறணுமா?”

“எல்லாருக்கும் அப்படி வராதும்மா.”

“பூவே சொந்த மகரந்தத்த வேணாம்னு தள்ளுது, வம்சம் நல்லா இருக்கச் செடி கண்டுபிடிச்ச வழி அதுன்னு ஊர் ஊராப் போயி பேசறீங்க. சொந்தப் பொண்ணுன்னா பேச்சு மாறிடுமா? வெக்கமா இல்ல?”

மகனுக்காகப் பெண் கேட்டுப் புவனகிரியிலிருந்து வந்திருந்த சபாபதியின் மாமனார் ராமாமிர்தம், கொடுத்த காபியைத் தொடவே இல்லை.

“சரி, நான் சொன்னா நம்ப மாட்டீங்க. எனக்கும் தம்பிக்கும் ரத்தம் எடுத்து என் லேப்லயே ஜீன் டெஸ்ட் பண்றேன். எவ்ளோ ஒத்துப்போவுதுன்னு கண்ணால பாருங்க.”

“டெஸ்ட்டெல்லாம் வேணாம்!” சபாபதி முதல் முறையாகக் கத்தினார். “இந்தக் கல்யாணமே வேணாம். போதுமா?”

“அப்படி வாங்க வழிக்கு! தோத்துடுவோம்னு தெரிஞ்சதும் பின்வாங்கறதப் பாரு. நாலெழுத்து படிச்சவராம்!”

கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

ராமாமிர்தம் எழுந்து வந்து மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“டெஸ்ட்டுக்கு சரின்னு சொல்லியிருந்தா இந்தப் பேச்செல்லாம் கேட்டிருக்க வேணாமே மாப்ள. கல்யாணமும் நடந்திருக்கும்.”

“நடந்திருக்கும் மாமா. ஆனா, வெள்ளாத்து வெள்ளத்துல நீங்க கண்டெடுத்து வளத்த கொழந்தை தான்தான்னு அருளுக்குத் தெரிஞ்சிருக்குமே!”