சத்தம் வராத மெஷின்

"நான் கோட்டை விட்டுட்டேன் அக்கா! மெஷின்ல என்ன கோளாறுன்னே எனக்குத் தெரியல!"

தேர்வு அறையிலிருந்து வெளியே வந்த பெயிண்ட் கம்பெனி நர்ஸ் கண்ணைக் கசக்கினாள். பெஞ்சில் காத்திருந்த மில்லக்கா அவளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அழுதுக்கிட்டே முணுமுணுத்தா என்னடி புரியும்? வாயைத் தொறந்து சொல்லு."

"எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டேன் அக்கா! டாக்டரம்மா வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க."

"அடிப்பாவி! அப்படியா சொல்லி வச்ச?"

தொழிற்சாலை நர்ஸுகளுக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கும் சிறப்புப் பயிற்சி அது. அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயிண்ட், சிமெண்ட், மில்லக்கா என்று வேலை பார்க்கும் இடமே பெயராக ஒட்டிக்கொண்டது.

கடைசித் தேர்வைப் பற்றிப் போன வருஷம் எழுதியவர்கள் கதை கதையாகச் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா ஏதாவது ஒரு கருவியில் ரகசியமாகக் கைவைத்து விடுவாராம். நோயாளியைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபெயில். போன வருஷம் ஊதிப் பார்க்கும் மெஷினின் குழாயில் ஓட்டை போட்டாராம். இந்த வருஷம் காது சோதிக்கும் மெஷின்.

மில்லக்காவுக்கு இதில் தோற்றால் எல்லாம் போச்சு. அவள் பாஸ் பண்ணி வந்தால் மில்லுக்கே ஒரு மெஷின் வாங்கித் தருவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். தறி ஓட்டுகிறவர்களைக் காதடைப்பான் மாட்டிக்கொள்ளச் சொல்லி அவள் போடாத சண்டை இல்லை. அவர்கள் காதை அவளே சோதித்து, மந்தமாவதற்கு முன்பே காப்பாற்றிவிடலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தாள்.

அறைக்குள் கூப்பிட்டார்கள். வெளிச் சத்தம் நுழையாதபடி சுவரெல்லாம் பஞ்சு பதித்த சின்ன அறை. டாக்டரம்மா நாற்காலியில் இருந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் டெக்னீஷியன் நின்றார்.

"முதல்ல என்ன செய்வீங்க?"

"ஹெட்ஃபோனை நானே மாட்டி ஒவ்வொரு சத்தமாக் கேட்டுப் பாப்பேன் மேடம். மெஷின் சரியா இருந்தாத்தான் ஆளைக் கூப்பிடுவேன்."

"கொஞ்சம் மெதுவாவே பேசலாம்மா. பாருங்க."

மில்லக்கா ஹெட்ஃபோனை மாட்டிக் குமிழைத் திருகினாள். கட்டையான ஓசை கேட்டது. அடுத்ததும் கேட்டது. கீச்சென்ற மெல்லிய ஓசைக்குத் திருப்பினாள். ஒன்றுமில்லை. சத்தத்தை இரண்டு படி ஏற்றி, விடாமல் ஒலிக்கும்படி வைத்துப் பார்த்தாள். அப்போதும் மூச்சு இல்லை.

சிக்கிடுச்சு! அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இதுதான் மேடம் கோளாறு! கீச்சுச் சத்தம் எதுவுமே வரல!"

டெக்னீஷியன் முகத்தைச் சுளித்தார். குட்டு உடைந்துவிட்ட கடுப்பு போலிருக்கிறது என்று மில்லக்கா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் வரலையா?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டும் அவுட்டு மேடம். இதை வச்சுச் சோதிச்சோம்னா நல்ல காது உள்ளவனைக்கூடச் செவிடுன்னு சொல்லிடுவோம்."

டாக்டரம்மா ஹெட்ஃபோனை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். மெஷினை அணைக்காமலே மறுபடி மேஜையில் வைத்தார். அவர் முகம் மாறியிருந்தது.

"மில்லுல உங்க ரூம் எங்கம்மா இருக்கு?"

வாய்மொழிக் கேள்வி ஆரம்பித்துவிட்டது என்று மில்லக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தறி ஷெட்டுக்குள்ளயே மேடம். அடிபட்டா ஓடி வரணும்ல? அதனால கதவைச் சாத்தவே மாட்டேன். கல்யாணத்துக்கு முந்தியிருந்தே அந்த ரூம்தான்."

"நீங்க காதடைப்பான் மாட்டுவீங்களா?"

"நானா?" மில்லக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "நான் என்ன தறியா ஓட்டுறேன் மேடம்? நானும் காதை அடைச்சுக்கிட்டா, கை மாட்டிக்கிட்டுக் கத்துறவன் குரல் யாருக்குக் கேக்கும்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னோட பழக்கம் வெளிய எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. பயத்துல இல்லாத கோளாறை யாரு இட்டுக்கட்டிச் சொல்றாங்கன்னு பாக்கலாம்னுதான், இந்த வருஷம் நான் மெஷின்ல கையே வைக்கலம்மா."

மில்லக்கா மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் அந்தப் பெயிண்ட் பொண்ணு சொன்னதுதான் சரியா?

"நான் இட்டுக்கட்டல மேடம், சத்தியமா! அப்ப அது தானாவே ரிப்பேர் ஆயிருக்கும். வேற யாரையாவது கேக்கச் சொல்லுங்க!"

டாக்டரம்மா தலையசைக்க, டெக்னீஷியன் கதவைத் திறந்து வெளியே இருந்தவளைக் கூப்பிட்டார். தப்பு செய்த பிள்ளை போலத் தயங்கித் தயங்கி உள்ளே வந்த பெயிண்ட், இரண்டடி வைப்பதற்குள் நின்று, மேஜையில் கிடந்த ஹெட்ஃபோனைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்னக்கா, இது பாட்டுக்குக் கீச்சுன்னு கத்திக்கிட்டே கெடக்கு... நிறுத்தாம உக்காந்திருக்கீங்க?"