கெமிஸ்ட்ரி படித்த வெல்லம்

"கிணத்தடி நெலம் அரை ஏக்கரு போச்சு. அதுல கரும்பு வெச்சிருந்தா மறுதாம்பு துளுத்து மூணு வெட்டு வெட்டியிருப்பேன். அத வித்துக் கெமிஸ்ட்ரி படிக்க வெச்சேன். வந்தது இன்னா? ஒரு மூக்குக்கண்ணாடி!"

வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டாயில் அத்தனை ஆள் இருக்கும்போதே மகனைப் பார்த்து இப்படிச் சொன்னார் வீரமுத்து. கொப்பரையில் கரும்புப்பால் கொதித்துக்கொண்டிருந்தது.

அறிவுச்செல்வன் அடுப்பில் காய்ந்த கரும்புச் சோகையைத் தள்ளிக்கொண்டே, "சக்கரை ஆலை லேப்புல இன்டர்வியூ வந்துச்சே, நைனா. போயிருந்தா இந்நேரம் சம்பளம் வாங்கிக்கினு இருப்பேன்" என்றான்.

"போறதுக்கு இன்னா?"

"பஸ்ஸு ஓடுனாத்தான போறதுக்கு? ரோட்டுல புளியமரத்த வெட்டிப் போட்டுட்டாங்க. வெட்டுனது யாரு?"

கொட்டாயே சிரித்தது. புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் அந்த மரத்தில் விழுந்த முதல் வெட்டு வீரமுத்துவுடையது. நம்ம புள்ளைங்களுக்குப் படிப்புலயும் வேலையிலயும் இடம் குடு என்று ஒரு வாரம் ரோட்டிலேயே கிடந்தவர் அவர்.

"உனுக்காகத்தான்டா வெட்டுனேன்!" என்றார்.

அறிவுச்செல்வனுக்குச் சோறு கொண்டுவந்த அவன் பெண்சாதி கண்ணகி, இடுப்பில் ரெண்டு வயசு சுபாஷோடு ஓரமாக நின்றாள். மாமனார் எதிரில் அவள் வாய் திறந்ததில்லை.

அப்போதுதான் வெல்ல மண்டிக்காரர் நாராயணசாமி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"பொங்கலுக்கு வெல்லம் தங்கமாட்டம் மின்னணும், வீரமுத்து. உங்க ஆளுங்க வெளுக்கற பொடியக் கையால அள்ளிப் போடறாங்க. ஒரு கொப்பரை வெளுக்குது, ஒரு கொப்பரை நாறுது. தம்பி கெமிஸ்ட்ரிதான? நம்ம எட்டு கொட்டாய்க்கும் அளவு பாத்துப் போடட்டும். மாசம் ஆயிரம் ரூபா தரேன்."

"ஆயிரமா!" என்றார் வீரமுத்து.

"வேணாங்க" என்றான் அறிவுச்செல்வன். "அது துணியில சாயம் எடுக்கற பொடி. திங்கற பண்டத்துல போடக்கூடாது."

வீரமுத்துவுக்கு வந்ததே கோபம். "பத்து வருசமாப் போடறேன். எவன்டா செத்தான்? ஒருத்தனக் காட்டு! படிச்சவன்னு பேசறியா? படிச்சது சோறு போடுமாடா? மாசம் ஆயிரம்டா, ஒத்தை ஆளுக்கு!"

அறிவுச்செல்வன் சோற்றுக்கு உட்கார்ந்தான். மண்டிக்காரர், "நாளைக்கிச் சொல்லுங்க" என்று கிளம்பிவிட்டார்.

பரிமாறும்போது கண்ணகி மெதுவாகச் சொன்னாள்:

"ஊரே போடுது. நீங்க போடலன்னா மட்டும் நின்னுடுமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வெல்லம் காய்ச்சற வூட்டுப் புள்ள இவன். இவனுக்குக் குடுக்கறத ஒரு நாளாச்சும் பாத்தீங்களா? கறுகறுன்னு அந்த மட்ட வெல்லம். நல்லதெல்லாம் விலைக்குப் போவுது, நமக்கு மட்டும் கழிசல். கையில காசு இருந்தா மாமா ஏன் இப்படிக் கஞ்சத்தனம் பண்றாரு?"

அவன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டான்.

மறுநாள் காலையில் மண்டிக்காரர் குடுத்தனுப்பிய சின்னத் தராசோடு கொப்பரைப் பக்கத்தில் உட்கார்ந்தான். கிராம் கிராமாய் நிறுத்தான். பாகு பொங்கி வந்த நேரம் பார்த்துப் போட்டான்.

அன்றைக்கு அச்சிலிருந்து தட்டிய வெல்லம் எலுமிச்சம்பழ நிறத்தில் பளபளத்தது. நாற்றமும் இல்லை.

"பாருங்கடா! என் அரை ஏக்கரு இன்னிக்குத்தான்டா வெளைஞ்சிச்சி!" வீரமுத்து ஒரு அச்சைக் கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொருத்தரிடமும் காட்டினார். கண் கலங்கியிருந்தது.

மகன் மட்டும் தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கண்ணகிக்கும் மனசு நிறைந்துவிட்டது. புருசன் கைபட்ட வெல்லம். ஓரத்தில் ஒரு துண்டு உடைத்து, "இந்தாடா கண்ணு, உங்கப்பா செஞ்சது" என்று சுபாஷ் வாயில் வைத்தாள்.

அந்தப் பக்கமிருந்து ஒரே ஓட்டமாய் ஓடிவந்தார் வீரமுத்து. குழந்தையின் வாயில் விரலை விட்டு அந்தத் துண்டைத் தோண்டி எறிந்தார். குழந்தை வீரிட்டது.

"துப்புடா ராசா, துப்பு! ஏம்மா, உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? இது சந்தைக்கிப் போறது! நம்ம புள்ளைக்கின்னுதான வருசா வருசம் மொதக் கொப்பரைய அந்தப் பொடி போடாம, கறுப்பாவே எடுத்து வெக்கறேன்!"