கணினி நீட்டிய முகவரி

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இனி இந்த அலுவலகத்தில் மெயில் அனுப்பும்போது, முதல் எழுத்தை அடித்ததுமே கணினி தானாக நீட்டும் முகவரியை எவரும் தொடக்கூடாது!"

மேலாளர் இப்படி முழங்கியதும் கணக்குப் பார்க்கும் பெண் மற்றவர்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். "எங்க மேனேஜர் ஒரு ஊதின பலூன்" என்று அக்காவுக்கு அவள் எழுதிய மெயில், இன்று காலை அப்படித்தான் அவருக்கே போய்விட்டது.

"நீங்க மட்டும் இருங்கம்மா" என்று மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வேலை போச்சு என்றே முடிவு கட்டினாள்.

"நேத்து என் சம்சாரத்துக்கு அனுப்பின மெயில், தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரிக்குப் போயிடுச்சும்மா."

"அப்படி என்ன சார் எழுதினீங்க?"

"கோவிச்சுக்காத தங்கம், இனிமே பாத்திரம் நானே தேய்க்கிறேன்னு..." குரல் இறங்கிவிட்டது. "அதுலேர்ந்து பயத்துல மெயிலையே திறக்கல. பதில் வந்திருக்கான்னு நீங்களே பாருங்களேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, முதல் காரியமாகப் பலூன் மெயிலை அழித்தாள். அப்புறம்தான் அதிகாரியின் பதிலைத் திறந்து படித்துக் காட்டினாள்.

"கிளவுஸ் மாட்டிக்கிட்டுத் தேய்ங்க. இல்லேன்னா விரலெல்லாம் வெடிச்சிடும். எனக்கு வெடிச்சிடுச்சு."