மஞ்சள் சொட்டு

பெருமாள்மலைக்குக் கீழே வண்டி மூன்றாவது தடவையாக நிற்கிறது. பானட்டைத் தூக்கியதும் குபுகுபுவென்று கிளம்பும் ஆவி, தை மாத வெயிலில் வெள்ளையாகத் தொங்குகிறது. "முசீபத்துப் புடிச்ச வண்டி!" என்று தோள் துண்டால் ரேடியேட்டரை ஓங்கி அடிக்கிறார் இப்ராம்சா. ஒழுக்கை அடைக்க முதல் தடவை நின்றபோது சவுக்காரம் தேய்த்தாயிற்று. இரண்டாவது தடவை ஒரு பொட்டலம் மஞ்சள்தூளை உள்ளே கொட்டியாயிற்று. ஊற்றிய தண்ணீரெல்லாம் ரோட்டில்தான் ஓடுகிறது. பிக்கப்பின் பின்னால் பதினெட்டு மூட்டைப் பச்சைப் பட்டாணி; கொடைரோட்டில் ரயில் இவருக்காக நிற்காது. பள்ளங்கியிலிருந்து தன் பட்டாணியை ஏற்றி வந்த கந்தம்மாள், ஓடைத் தண்ணீரைத் தகர டின்னில் மறுபடி சுமந்து வருகிறாள். பாதிச் சேலை நனைந்து கிடக்கிறது.

"பாய், பனியில உறைஞ்சிரும்னு ராத்திரி அடித்திருகைத் தொறந்து தண்ணிய வடிச்சீங்கள்ல? வெள்ளனே அதை நல்லா இறுக்குனீங்களா?"

"ஏத்தா, இருவது வருசமா வண்டி ஓட்டுறேன். உன் சோலியப் பாரு."

"என் சோலிதான் பின்னாடி வதங்கிக் கெடக்கு."

அவள் வாயை அடைப்பதற்காகவே வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைகிறார். ரேடியேட்டரின் அடியில், பாதி திறந்த சின்னத் திருகின் நுனியில், மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டு அவர் நெற்றியில் சுடச்சுட விழுகிறது. துண்டைச் சுற்றிப் பிடித்து ஒரு திருகு திருகுகிறார். அடுத்த சொட்டைக் காணோம்.

"என்ன பாய், நின்னுருச்சா?"

நின்றுவிட்டது. இப்ராம்சாவுக்குத்தான் வெளியே வர மனம் வரவில்லை.